புலனடக்கமும் புகையும்

(ஆனேக்கலில் பௌர்ணமி உபோசத நாளன்று உபாசக, உபாசிகையர் கூட்டத்தில் நிகழ்த்திய தம்மவுரை)





சென்ற பௌர்ணமியன்று திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்துக் கூட்டம் கலைந்த பின்னர், இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். அவர் ஜிகணிப் பக்கத்துத் தொழிற்சாலையொன்றில் இரவு வேலை பார்ப்பவர். தீக்ஷை பெற்று இரண்டாண்டு நிறையவில்லை. மதுவைத் தீக்ஷை பெற்ற அன்றே விட்டவர். “ஐயா, பீடியை மூன்று முறை விட்டேன். மூன்று முறையும் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடை முன்னேதான் தோற்றேன். கடைக்குப் போகவேண்டும் என்று நான் நினைப்பதே இல்லை. வண்டியிலிருந்து இறங்கும்போதே என் கண் அங்கே போய்விடுகிறது. அதன் பின்னால் நான் போகிறேன். நான் சீலம் கெட்டவனா?” என்றார்.

“மன உறுதி வேண்டும், தம்பி” என்று சொல்லி அனுப்பினேன். வீடு சேருமுன்பே அம்மறுமொழி எனக்குக் கசந்தது. மதுவை ஒரே நாளில் உதறியவனுக்கா மன உறுதியில்லை? அவர் கேட்டது ஒன்று. நான் சொன்னது மற்றொன்று. கண் முந்திப் போகிறதே, அதற்கு என்ன செய்வது என்பதே அவர் கேள்வி. ஆதலின் இன்றைய உரை அவருக்கு நான் பட்ட கடன். அவரும் இங்கே அமர்ந்திருக்கிறார்; எவரென்று திரும்பிப் பார்க்கவேண்டா.

முதலில் சீலத்தைப் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். ஐந்தாம் சீலம் மயக்கத்துக்கும் மறதிக்கும் காரணமாகும் மதுவகைகளை விலக்குகிறது. அதில் புகையிலை பெயர் சொல்லப்படவில்லை; சொல்லப்பட்டிருக்கவும் இயலாது. பகவான் பரிநிர்வாணமெய்தி இரண்டாயிரம் ஆண்டு கழிந்த பின்னரே போர்ச்சுகீசியர் வாயிலாக அச்செடி இந்நாட்டுக்கு வந்தது. நம்மிடையே வாதத் திறமை மிக்கார் சிலர், “பகவானே புகைக்குழல் வைத்துக்கொள்ள அனுமதித்தாரே!” என்று வினயபிடகத்தைக் காட்டுவர். உண்மைதான். பிலிந்தவச்சர் என்னும் தேரருக்குத் தலைநோய் வந்தது. தலைக்கு எண்ணெய் தடவியும் தீரவில்லை. மூக்கில் மருந்திட்டும் தீரவில்லை. அதன் பின்னரே மருந்துப் புகையை உள்ளிழுக்கவும், அதற்கொரு குழல் வைத்துக்கொள்ளவும் பகவான் இசைந்தார் என மகாவக்கம் கூறுகிறது. அஃது நோய்க்கு மருந்து. பீடியோ மருந்து வேண்டும் நோயை உண்டாக்குவது. குழலை மட்டும் எடுத்துக்கொண்டு தலைநோயை விட்டுவிடுவது நேர்மையான வாதமாகாது.

ஆயினும் புகை பிடிக்கும் ஒருவரைச் சீலம் கெட்டவர் என்று நான் சொல்லேன். பௌத்த நாடுகளான பர்மாவிலும் இலங்கையிலும் பிக்குகளே சுருட்டுப் பிடித்ததும் வெற்றிலையோடு புகையிலை மென்றதும் உண்டு. நூலில் இல்லாத கடுமையை நாம் நூலின்மேல் ஏற்றிச் சகோதரனைத் தள்ளிவைப்பது முறையன்று; தள்ளிவைக்கப்படுவதன் வேதனை இன்னதென்று நம்மைவிட அறிந்தவர் யார்? எனவே, தம்பி, நீர் சீலம் கெட்டவர் அல்லர். ஆனால் விஷயம் அத்தோடு முடிந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் 70 லட்சம் பேருக்கு மேல் புகையிலையால் மடிகின்றனர். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 13 லட்சம் பேர். 2016-17இல் எடுத்த கணக்கின்படி நம் நாட்டு வயதுவந்தோரில் நூற்றுக்கு 28.6 பேர் ஏதேனுமொரு வடிவில் புகையிலை கொள்வோர்; கர்நாடகத்தில் நூற்றுக்கு 22.8 பேர். கொல்லாமை முதற் சீலம் அன்றோ? தன் உயிரும் உயிர்தானே. அருகில் படுத்துறங்கும் குழந்தையின் உயிரும் உயிர்தானே.

(வேலூர், குடியாத்தம் பக்கத்து நம் சகோதரிகள் பலர் பீடி சுற்றியே குடும்பம் காப்பாற்றுகின்றனர் என்பதை மறந்து நான் பேசவில்லை. நல்வாழ்க்கைத் தொழில் பற்றிய அவ்விஷயம் தனியே ஒரு நாள் பேசத்தக்கது.)

இனிக் கண்ணைப் பற்றிப் பேசுவோம்.

1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர் வைத்தியர். அவரோடு உழைத்த லட்சுமி நரசு விஞ்ஞானப் பேராசிரியர். இருவர் வழிவந்த நாம், ஒரு செய்தி சோதனைக்கு நிற்குமா என்று பார்த்தே கொள்பவர்கள். ஆகையால் மனத்தை ஆராயும் விஞ்ஞானிகள் இது குறித்துக் கண்டதை முதலில் கூறுகிறேன்.

அவர்கள் ஓர் எளிய சோதனை வைத்திருக்கிறார்கள். திரையில் இரண்டு படங்கள் அருகருகே தோன்றும். ஒன்றில் எரியும் சிகரெட்டைப் பிடித்த விரல். மற்றொன்றில் எழுதுகோல் பிடித்த விரல். அரை விநாடிக்குள் இரண்டும் மறையும். மறைந்த இடங்களில் ஒன்றில் சிறு புள்ளி தோன்றும். புள்ளியைக் கண்டவுடன் பொத்தானை அழுத்தவேண்டும். கவனம் எங்கே இருந்ததோ அங்கே தோன்றும் புள்ளியை மனிதன் விரைவாகக் காண்பான். புகைப்பவரைச் சோதித்தபோது, சிகரெட்டுப் படம் இருந்த இடத்துப் புள்ளியை அவர்கள் விரைந்து கண்டனர். நினைக்கும் முன்பே, விரும்பும் முன்பே, கவனம் அங்கே ஓடிவிடுகிறது. 1986இல் அச்சநோய் உடையாருக்காக இங்கிலாந்தில் வகுத்த சோதனை இது. பிற்பாடு குடிப்பவர், புகைப்பவர் எல்லாரிடமும் செய்து பார்த்தனர். “நான் போவதற்கு முன் என் கண் போகிறது” என்று நம் இளைஞர் சொன்னது சாக்குப்போக்கு அன்று. அளந்து காணத்தக்க உண்மை.

கண் எப்படி இவ்வாறு பழகிற்று? புகையை உள்ளிழுத்த பத்து, இருபது விநாடிகளில் நிகோட்டின் மூளையை எட்டுகிறது. மூளை மகிழ்ந்து, அக்கணத்தில் கண்முன் இருந்தவற்றையெல்லாம் குறித்துக்கொள்கிறது: கடை, தீப்பெட்டி, தேநீர்க் குவளை, உடனிருக்கும் நண்பன். ஒரு பீடிக்குப் பத்து இழுப்பு, நாளொன்றுக்குப் பத்துப் பீடி என்று வைத்துக்கொண்டாலும் நாளைக்கு நூறு பாடம், ஆண்டுக்கு 36,500. நான் இருபத்திரண்டு ஆண்டு பீடி குடித்தவன். எட்டு லட்சம் முறை என் கண்ணுக்கு நானே பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எதை அடிக்கடி எண்ணுகிறோமோ அதன் பக்கமே மனம் சாயும் எனத் துவேதாவிதக்க சூத்திரத்தில் பகவான் கூறியதன் பொருள் இந்தக் கணக்கைப் போட்ட அன்றுதான் எனக்கு உறைத்தது.

பழகியதை மாற்றிப் பழக்கலாமே என்று அவ்விஞ்ஞானிகள் எண்ணினர். அதே சோதனையில் புள்ளி எப்போதும் எழுதுகோல் பக்கமே தோன்றுமாறு அமைத்து, நூற்றுக்கணக்கான முறை பழக்கினர். கண் சிகரெட்டை விட்டு விலகக் கற்கும் என்பது எதிர்பார்ப்பு. 2014இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒரு வாரம் கைக்கருவியில் அன்றாடம் இருந்த இடத்திலேயே பழகியவர்களுக்கு ஈர்ப்பும் ஏக்கமும் குறைந்தன. புகைத்த எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியவில்லை. 2015இல் இங்கிலாந்தில் புகை நிறுத்த உதவி நாடிவந்த 118 பேரிடம் செய்த சோதனையிலோ, இப்பயிற்சியால் கண்ணின் ஈர்ப்பும் மாறவில்லை. புகையை விடுவதும் மிகவில்லை. இதை நான் மறைக்கவில்லை. எட்டு லட்சம் பாடத்தைச் சில நூறு பாடம் அழிக்கும் என்று எதிர்பார்த்தது பேராசை. அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டென்று நினைக்கிறேன். அக்காரணத்தைப் பகவான் உத்தரன் என்னும் மாணவனிடம் கூறியிருக்கிறார்.

மஜ்ஜிம நிகாயத்தின் கடைசிச் சூத்திரம் அது. இந்திரியபாவனா சூத்திரம் எனப்படும். கஜங்கலத்தில் முகேலு வனத்தில் பகவான் தங்கியிருந்தபோது, பாராசரியன் என்னும் பிராமணனின் மாணவன் உத்தரன் வந்து வணங்கினான். உன் ஆசிரியர் புலன்களைப் பண்படுத்தக் கற்பிக்கிறாரா என்று பகவான் வினவினார். ஆம் என்றான். எவ்வாறு என்று கேட்டபோது, கண்ணால் உருவத்தைப் பார்ப்பதில்லை, காதால் ஒலியைக் கேட்பதில்லை, அதுவே முறை என்றான். அப்படியானால் குருடனே புலனைப் பண்படுத்தியவன், செவிடனே செவியைப் பண்படுத்தியவன் ஆவான் அல்லவா என்றார் பகவான். உத்தரன் பேச்சற்றுத் தோள் தொங்கத் தலைகுனிந்து அமர்ந்தான்.

அந்த உத்தரன் நம்முள் பலரிடம் இருக்கிறான். பெட்டிக்கடையைப் பாராதே, வேறு தெருவாகப் போ, புகைக்கும் நண்பனோடு பேசாதே என்பதே நாம் அறிந்த வைத்தியம். தொடக்கத்தில் அதுவும் வேண்டும். விதக்கசந்தான சூத்திரத்தில் பகவான் கூறிய ஐந்து வழிகளுள், பார்க்க விரும்பாதவன் கண்ணை மூடுவதுபோல் நினைவைத் திருப்பிக்கொள்வதும் ஒன்று. ஆனால் ஐந்தில் அது மூன்றாவது. முதலாவது, தச்சன் சிறிய ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பைக் கழற்றுவதுபோல் தீயதன் இடத்தில் நல்லதொன்றை நிறுத்துவது. வெறுமனே விலகிய கண்ணுக்குப் போய் நிற்க இடமில்லை. இடமில்லாத கண் திரும்பி வந்துவிடும். ஆனேக்கலில் எத்தனை தெருவை விலக்குவீர்? சந்தாபுரத்தில் விலக்கினால் அத்திப்பள்ளியில் கடை. அங்கே விலக்கினால் ஓசூரில் கடை.

உத்தரனுக்குப் பின் பகவான் ஆனந்தருக்குத் தம் முறையைக் கூறினார். கண் உருவத்தைக் காணும்; விருப்போ வெறுப்போ எழும். எழுந்ததை எழுந்தது என அறிதல் வேண்டும். இது காரணத்தால் தோன்றியது, பரும்பொருள், இதனினும் அமைதியானது சமநோக்கு என்று அறிய, கண்ணுள்ளவன் இமைக்கும் நேரத்தில் அது அடங்கும் என்றார். கடையைக் காணாதே என்று அவர் சொல்லவில்லை. கண்டபோது என்ன நிகழ்கிறதென்று காண் என்கிறார். நிமித்தத்தைப் பற்றாமை, அனுவியஞ்சனத்தைப் பற்றாமை என வேறிடங்களில் கூறுவதும் இதுவே. கடை என்பது நிமித்தம். கட்டைச் சுற்றிய நூலின் நிறம், தொங்கும் கயிற்று நெருப்பு, முதல் இழுப்பின் சூடு, அப்போது சொல்லிச் சிரித்த பேச்சு இவையெல்லாம் அனுவியஞ்சனங்கள். கண் கடைமேல் விழுவது ஒரு கணம். மனம் இவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதே மீதி வேலையைச் செய்கிறது. கண்ணின் முதற் பாய்ச்சல் பழைய கர்மத்தின் பலன். அதற்கு இன்று நீர் பொறுப்பல்லர். அதையடுத்த தடவல்தான் இன்றைய கர்மம்.

நம் ஊராருக்கு எளிதில் விளங்க மற்றோர் உவமை சொல்வேன். சும்பர் நாட்டுச் சேதகத்தில் பகவான் உரைத்தது. ஊரே திரண்டு நிற்கிறது. நாட்டிலேயே அழகி ஒருத்தி ஆடிப் பாடுகிறாள். விளிம்புவரை எண்ணெய் நிறைந்த கிண்ணத்தை ஏந்தி ஒருவன் கூட்டத்துக்கும் அவளுக்கும் இடையே நடக்கவேண்டும். பின்னே வாளேந்தியவன் வருகிறான். ஒரு துளி சிந்தினால் தலை போகும். அம்மனிதன் கிண்ணத்தை மறந்து வெளியே பராக்குப் பார்ப்பானா? ஆனேக்கலில் கரகம் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தலையில் கரகம், கை தொடுவதில்லை, சுற்றிலும் வாளோடு வீரகுமாரர், தெரு நிறையக் கூட்டம், விளக்கு, மேளம். அவ்வழிபாடு நமதன்று; ஆனால் அந்த நடை நாம் பார்த்துக் கற்கத்தக்கது. கரகம் எடுத்தவர் கண்ணை மூடிக்கொள்வதில்லை, வேறு தெருவாகப் போவதுமில்லை, கூட்டத்தினூடேதான் நடக்கிறார். அவர் கவனத்துக்குப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. பகவான் சொன்ன எண்ணெய்க் கிண்ணம் காயகதாசதி, அதாவது உடலின்மேல் வைத்த நினைவு. அதுவே தச்சனுடைய சிறிய ஆப்பு.

நான் பழகிய வகையைச் சொல்கிறேன். பெருமைக்காக அன்று, இதில் பெருமைப்பட ஏதுமில்லை. பேருந்திலிருந்து இறங்குமுன் உள்ளங்கால்களில் நினைவை வைப்பேன். இடக்கால் தரையில் படுகிறது, வலக்கால் தரையில் படுகிறது. கடை வரும், கண் போகும். “கண் போயிற்று” என்று மனத்துள் ஒருமுறை சொல்வேன், திட்டமாட்டேன். வாய் ஊறினால் “ஊறுகிறது”. நெஞ்சு இறுகினால் “இறுகுகிறது”. மீண்டும் பாதம். கொடிய ஏக்கமும் சில நிமிடத்துக்கு மேல் உச்சத்தில் நிற்பதில்லை. அதைப் பலரும் அறியாததற்குக் காரணம், அதற்குள் பற்றவைத்துவிடுகிறோம். முதல் வாரம் கடைக்கு நேரே நின்று இதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. எதிர்ச் சாரியில் நடந்தேன். ஒரு மாதம் கழித்தே கடையோரமாக நடந்தேன். ஆராய்ச்சிச் சாலையில் திரைக்கு முன் பெற்ற பழக்கம் தெருவில் உதவாமற் போனதற்கு இது ஒரு காரணமாயிருக்கலாம் என்பது என் கருத்து. பாடம் படித்த இடத்திலேயே அதை மறக்கவும் கற்கவேண்டும்.

நினைவுப் பயிற்சி புகைக்கு உதவுமா என்றும் சோதித்திருக்கிறார்கள். 2011இல் அமெரிக்க யேல் பல்கலைக்கழகத்தார் 88 பேரிடம் செய்த சோதனையில், நினைவுப் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 31 பேர் பதினேழாம் வாரத்தில் புகையற்று இருந்தனர்; வழக்கமான பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 6 பேர். சிறிய சோதனை, இதை வைத்துக்கொண்டு பறைசாற்றுவது தகாது. நூற்றுக்கு 31 என்றால் 69 பேர் மீண்டும் புகைத்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்லவேண்டும்.

அந்த 69 பேருக்கும் தம்மத்தில் சொல் உண்டு. பழகுபவனுக்கும் சில வேளை நினைவு தவறும். நினைவு திரும்பி வருவது மெதுவாகத்தான் வரும். வந்தபின்னோ, நாளெல்லாம் காய்ந்த இரும்புத் தட்டின்மேல் இரண்டு மூன்று நீர்த்துளி விழுந்தால் எப்படி மறையுமோ அப்படித் தீயநினைவு மறையும் என்று சம்யுத்த நிகாயத்தில் பகவான் கூறுகிறார். துளி விழுவது மெது, ஆவியாவது விரைவு. தோசைக்கல்லில் நீர் தெளித்துப் பார்க்கும் நம் சகோதரிகளுக்கு இது தெரியும். கல் காயும்வரை துளி நின்று ஓடத்தான் செய்யும். அதற்காக அடுப்பை அணைப்பாருண்டோ? மூன்று முறை தோற்றேன் என்ற இளைஞர் உண்மையில் மூன்று முறை கல்லைக் காயவைத்திருக்கிறார்.

தியானம் உண்டு, மருந்து எதற்கு என்று எவரும் சொல்லவேண்டா. பிலிந்தவச்சருக்கே மருந்து கொடுத்த சாசனம் இது. நிகோட்டின் இல்லாத உடல் முதல் சில நாட்கள் மிகவும் அலையும். சினம், உறக்கமின்மை வரும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். அதைத் தாங்க நிகோட்டின் பசையும் ஒட்டுப்பட்டையும் உள்ளன. மருத்துவரைக் கேட்டுக் கொள்ளலாம். ஓசூர்ச் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம், 2002இல் இந்நாட்டில் முதன்முதலாக ஏற்பட்ட 13 புகையிலை நிறுத்த மையங்களுள் ஒன்று. அந்நிறுவனம் நமக்குப் புதிதன்று. நம் ஆனேக்கல் வட்டத்துச் சகலவாராவில் 1970களிலேயே ஊர்ப்புற மனநல மையம் வைத்தவர்கள் அவர்கள். 1800-11-2356 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்; புகையிலைப் பொட்டலத்தின்மேலேயே அந்த எண் அச்சாகிறது. இருபதாண்டு பொட்டலம் வாங்கியவர்கள் அதை ஒருமுறையாவது படித்ததுண்டா? பொட்டலத்தின் முகத்தில் நூற்றுக்கு 85 பங்கு 2016 முதல் எச்சரிக்கைப் படமே. அதைப் பாராத கண்தான் மீதிப் பதினைந்தை மட்டும் பார்க்கிறது. கண்ணுக்கு விலகத் தெரியாது என்று யார் சொன்னார்?

வீட்டுப் பெண்மக்களுக்கு ஒரு சொல். கணவரோ மகனோ விட்ட நாளில், “எத்தனை நாளைக்குப் பார்ப்போம்” என்று ஏளனம் செய்யாதீர். தேநீரோடு பீடி குடித்துப் பழகியவருக்கு ஒரு மாதம் மோர் கொடுங்கள். சாம்பல் கிண்ணத்தையும் பழைய தீப்பெட்டியையும் கண் படும் இடத்திலிருந்து அகற்றுங்கள். அடுப்புக்கு வேண்டியதை உள்ளே வையுங்கள்.

நான் விட்டுப் பதினோராண்டு ஆயிற்று. இன்றும் மழைநாளில் தேநீர்க்கடையில் தீக்குச்சி உரசும் ஒலி கேட்டால் காது அங்கே போகிறது. போகட்டும் என்று விடுகிறேன், கால் போவதில்லை.

நேரமாயிற்று, ஆசீர்வாத சுத்தம் ஓதியபின் நாம் அனைவரும் பேருந்து நிலையம்வரை நடந்தே போவோம். பேசாமல் நடப்போம். வழியில் எத்தனை பெட்டிக்கடை என்று எண்ணவேண்டா. கண் எத்தனை முறை போயிற்று என்று மட்டும் எண்ணுங்கள். புகை பிடிக்காதவர்களும் எண்ணலாம். உங்கள் கண் போகுமிடம் வேறாயிருக்கும். தம்பி, நீர் என் பக்கத்தில் வாரும். அடுத்த பௌர்ணமியன்று மீண்டும் அதே வழியில் எண்ணுவோம். பீடி குடித்தீரா என்று அன்று நான் கேட்கமாட்டேன். எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதும்.